குளிர் அறைக்கு நான் அனுப்பியவள்

குளிர் அறைக்குள் யார் போவது என்று தீர்மானித்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று தள்ளி வைத்தால் எழுதமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

துறைமுகத்தின் உள்பக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி, தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டில் இருந்தது. கிண்ணியாப் பக்கமிருந்தும் மூதூர்ப் பக்கமிருந்தும் இறால் வரும். நாங்கள் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை இழுத்து, கழுவித் தட்டில் அடுக்கிக் கொடுப்போம். மூன்று நீட்டு மேசை, இருபத்தைந்து பெண்கள். பட்டணத்துப் பெண்கள், சல்லியிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், பாலம் தாண்டி விடியற்காலை பஸ்ஸில் வருகிற முஸ்லிம் பெண்கள் என்று எல்லாரும் கலந்து நின்றோம். இறாலின் முள் குத்தி உப்புத் தண்ணீரில் ஊறிய விரலுக்கு இன்ன சாதி இன்ன சமயம் என்று ஒன்றும் இல்லை. எல்லா விரலும் ஒரே மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

எனக்கு அப்போது அறுபது கடந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பெயர் எழுதுவேன், எண் எழுதுவேன், மற்றதை எழுத்துக் கூட்டி ஆறுதலாக, மெதுவாக எழுதுவேன். ஆனால் எனக்கு நினைவு இருக்கிறது. எந்தப் பெண் எப்போது வந்தாள், யாருக்குக் காய்ச்சல், யார் வயிற்றில் பிள்ளை, யார் நோன்பு என்று எல்லாம் மனத்தில் வைத்திருந்தேன். அதனால் பெண்களின் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நியமனக் கடிதம் ஒன்றும் தரவில்லை. எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள், அதுவே எனக்குக் கடிதம்.

கொட்டிலின் கடைசியில் குளிர் அறை. இரும்புக் கதவு. திறந்து வைத்தால் குளிர் போய்விடும் என்று உள்ளே ஆள் போனதும் சாத்திவிட வேண்டும். பின்னேரம் வேலை முடிகிற நேரம் ஸ்டோர் பொறுப்பாளர் உள்ளே நின்று பெட்டிக் கணக்குப் பார்ப்பார், எங்களில் ஒருத்தி உள்ளே போய்த் தட்டுகளை இரும்பு அடுக்குகளில் ஏற்றிக் கொடுப்பாள். கால்மணி நேர வேலை. சில நாள் அரைமணி.

அந்தக் குளிருக்குப் போட ஒரே ஒரு தடித்த சட்டைதான் இருந்தது. ஏதோ கப்பலில் இருந்து வந்த ஆம்பிளைச் சட்டை, நீல நிறம், எங்களுக்கு முழங்கால் வரை வரும். அதை எனக்குப் பின்னால் ஓர் ஆணியில் கொழுவி வைத்திருந்தேன். நான் அதை எடுத்து யாரிடம் நீட்டுகிறேனோ அவள் போவாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முதலில் மேசை வரிசைப்படி ஒவ்வொருத்தியாகத்தான் போனார்கள்.

ஸ்டோர் பொறுப்பாளருக்கு நாற்பது வயது இருக்கும். படித்த மனிதர். வெள்ளைச் சட்டை கசங்காமல் வருவார். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு முழங்கால் வருத்தம் தொடங்கியபோது கேட்காமலே உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து மேசைத் தலைப்பில் போட்டார். இருபத்தைந்து பெண்களும் நிற்க நான் ஒருத்தி இருந்தேன். அந்தக் கதிரையில் எனக்குக் கால் வலி குறைந்ததைவிடத் தலை நிமிர்ந்ததுதான் கூட.

ஒரு நாள் சல்லியிலிருந்து வருகிற பெண், பத்தொன்பது வயது, குளிர் அறையால் வெளியே வந்து சட்டையை ஆணியில் கொழுவத் தெரியாமல் நின்றாள். கை நடுங்கியது. குளிரால் நடுங்குகிற கைக்கும் மற்ற நடுக்கத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டேன்.

"என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை பெரியக்கா."

"கை போட்டவரோ?"

அவள் அழுதாள். தட்டு ஏற்றக் கையிரண்டையும் மேலே தூக்கினால் பின்னால் வந்து நிற்கிறார் என்று, தண்ணீர்ச் சத்தத்தில் பாதி விழுங்கிச் சொன்னாள். கதவுப் பிடியில் ஒரு கை வைத்துக்கொண்டு, "ஏன் அவசரம்?" என்று கேட்டாராம்.

"இனி நீ போகாதை. நான் பாத்துக்கொள்ளுறன். ஆரிட்டையும் சொல்லாதை, உன்ர பேர்தான் கெடும்" என்றேன்.

அதை ஒரு பெரிய உதவி செய்ததுபோல் சொன்னேன். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளியிடம் போகவில்லை. கதவைத் திறந்து வையுங்கள், இரண்டு பேரை அனுப்புகிறேன் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் சரியில்லை. தோன்றியது. கதிரையில் இருந்துகொண்டு அதைச் சொல்லக் கூசியது.

பிறகு தாய்மார் வரத் தொடங்கினார்கள். சல்லித் தாய் வெயிலில் காய்ந்த நெத்தலிக் கருவாடு ஒரு பை கொண்டுவந்தாள். "அக்கா, பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம். அந்த அறைக்குள்ள விடாதேங்கோ, குளிர் ஒத்துக்கொள்ளாது." மூதூரிலிருந்து ஒரு உம்மா எருமைத் தயிர்ச் சட்டியோடு பஸ் ஏறி வந்தா. "என்ட புள்ளைக்கு இழுப்பு இரிக்கி ராத்தா, குளிரு ஆகாது" என்றா. அந்தப் பிள்ளைக்கு இழுப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவவுக்கும் தெரியும். ஒருத்தியின் புருசன் என் வீட்டுப் படலையடியில் நின்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். எல்லாரும் குளிரைத்தான் சொன்னார்கள். அவரைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கருவாட்டைப் பொரித்தேன், தயிரைச் சாப்பிட்டேன்.

இப்படி ஒவ்வொருத்தியாகக் கழித்துக்கொண்டு வர, வரிசை சுருங்கியது. இருபத்தைந்து பேர் பத்தானார்கள், பத்துப் பேர் நாலானார்கள். அந்த நேரத்தில்தான் கந்தளாய்ப் பக்கமிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள்.

முப்பது வயது. புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு பெண் குழந்தையை ஊரில் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் பட்டணத்தில் ஒரு அறை எடுத்துத் தனியே இருந்தாள். பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறைக்குத்தான் பிள்ளையைப் பார்க்கப் போவாள். எங்களுக்குள் அவளைக் கந்தளாய் என்றே கூப்பிட்டோம். இறால் உரிப்பதில் அவளுக்குச் சமமாக ஒருத்தரும் இல்லை. வாயும் அப்படித்தான். வந்த இரண்டாம் கிழமையே என்னைப் பார்த்து, "பெரியக்கா, உங்கட கதிரையில ஒரு விளக்குப் பூட்டினால் துறைமுகத்தில கப்பலுக்கு வழி காட்டலாம்" என்றாள். மேசை மேசையாகச் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது. சிரித்து வைத்தேன்.

மூன்றாம் கிழமை நீலச் சட்டையை அவளிடம் நீட்டினேன். அடுத்த நாளும் நீட்டினேன். அதற்கு அடுத்த நாளும்.

அவளுக்காக வந்து சொல்ல ஒருத்தரும் இல்லை. அவளுக்குத் தாய் இல்லை. அக்கா தூரத்தில். எனக்குக் கருவாடு கொண்டுவந்து தர அவள் பக்கத்தில் ஆள் இல்லை என்பதுதான் காரணம். அந்த நாளில் அதை நான் அப்படி நினைக்கவில்லை. வாய்க்காரி, வயது வந்தவள், ஒரு பிள்ளை பெற்றவள், சமாளிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு இனிக் கெடுவதற்குப் பேர் இல்லை என்றும் நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

ஒருநாள் அவள் எல்லார் முன்னும் கேட்டாள்: "ஏன் பெரியக்கா, இந்தச் சட்டை எனக்கெண்டு தைச்சதோ? மற்ற ஆருக்கும் அளவில்லையோ?"

"உனக்குத்தான் குளிர் தாங்கும், தோல் தடிப்பு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை இன்னும் கூடச் சிரித்தார்கள், ஏனென்றால் அவளுக்கு அளவில்லை என்றால் தங்களில் ஒருத்திக்கு அளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்ச மாதத்தில் அவளுடைய சிரிப்பும் பகிடியும் குறைந்தன. தன் சொந்தச் சட்டைக்கு முன்னால் வரிசையாக ஊக்குப் பின் குத்தத் தொடங்கினாள். இரண்டு, பிறகு நாலு, பிறகு ஆறு. ஒருநாள் என்னிடமே வந்து, "பெரியக்கா, உங்களிட்ட ஒரு பின் இருக்கோ?" என்று கேட்டாள். என் சீலையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அடுத்த நிமிடம் அந்த நீலச் சட்டையையும் கொடுத்தேன். இரண்டையும் ஒரே கையால்தான் கொடுத்தேன்.

அவள் நேராகவும் ஒருநாள் சொன்னாள். மழை நாள், பஸ் பிந்தி, கொட்டில் வாசலில் நாங்கள் இருவர்தான் நின்றோம்.

"உங்களுக்குத் தெரியும்தானே அக்கா, உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு?"

நான் கடலைப் பார்த்தபடி, இளவயதில் அரிசி ஆலையில் வேலை செய்தபோது என்னிடம் சேட்டை விட்டவனுக்கு விளக்குமாற்றால் கொடுத்த கதையைச் சொன்னேன். "நாங்கள் நடக்கவேண்டிய மாதிரி நடந்தால் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றேன். பெண்களுக்கு இந்தக் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் நான் ஒருத்தனையும் அடிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஆலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். வீட்டில், தவிட்டுக்குத் தும்மல் வருகிறது என்று சொன்னேன். நானும் அன்று தவிட்டைத்தான் சொன்னேன்.

"எனக்கு விட்டிட்டுப் போக ஏலாது அக்கா. பிள்ளை இருக்கு" என்றாள். பஸ் வந்தது.

அதற்குப் பிறகும் அனுப்பினேன்.

ஒரு பின்னேரம் நான் சட்டையை நீட்ட, அவள் வாங்கி, விரித்து, என் மடியில் போட்டாள்.

"இண்டைக்கு நீங்க போங்கோ."

மேசையில் கைகள் நின்றன.

"எனக்கு முழங்கால் வருத்தம் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"அவருக்கு முழங்காலில அலுவல் இல்லை அக்கா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு முகம் எரிந்தது. "ஆரோட கதைக்கிறாய் எண்டு பாத்துக் கதை. வாயை வைச்சுக்கொண்டு நீயே தேடிக்கொண்டதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றேன். இருபத்தைந்து பேருக்கு முன்னால் சொன்னேன்.

அவள் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அரசாங்கத் தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். இறால் மணக்க மணக்க அங்கே இருந்தாளாம். அவர் பெயரை எழுதியிருந்தாள், என் பெயரை எழுதவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

விசாரணைக்கு முதல் நாள் ஸ்டோர் பொறுப்பாளர் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா, உங்களைத்தான் முதல் கேப்பினம். எல்லாரும் வரிசையாப் போறதைச் சொல்லுங்கோ, அதுவே காணும்" என்றார். பொய் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. மிரட்டவும் இல்லை. வரிசை என்று ஒன்று நெடுநாளாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதை நானே போய்ச் சொல்லமாட்டேன் என்பதும் தெரியும்.

விசாரணை செய்தவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா, நல்ல தமிழ் பேசினா. முதலாளியின் கந்தோர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தா. கந்தளாய்க்காரி வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். என்னை மரியாதையாகக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு அந்த அம்மா கேட்டா:

"குளிர் அறைக்குள் வேலைக்குப் போவது யார் என்று எப்படித் தீர்மானிப்பது?"

"மேசை வரிசைப்படி அம்மா. ஒரு நாளைக்கு ஒருத்தி."

"இந்தப் பெண் தன்னை மட்டும்தான் தினமும் அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறா."

"இல்லை அம்மா. எல்லாரும் போறவை."

"இதற்கு முன் யாராவது உங்களிடம் குறை சொல்லியிருக்கிறார்களா?"

"இல்லை."

அந்த இடத்தில் நான் ஸ்டோர் பொறுப்பாளருக்காகப் பொய் சொல்லவில்லை. அவர் எனக்கு யார்? தினமும் அவளைத்தான் அனுப்பினேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "ஏன்?" என்று வரும். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருந்தது. அதை வெளியே எடுக்காமல் இருக்கத்தான் பொய் சொன்னேன். நான் சொன்னதை எழுதிய தாளை அந்த அம்மா என் பக்கம் தள்ளினா. மற்ற வயதான பெண்கள் பெருவிரல் வைக்கிற இடத்தில் நான் என் பெயரை முழுதாக எழுதினேன். அதிலும் ஒரு பெருமை.

வெளியே வந்தபோது அவள் எழும்பினாள்.

"என்ன அக்கா சொன்னனீங்கள்?"

"கேட்டதுக்கு மறுமொழி சொன்னனான்."

எனக்குப் பின்னால் போனவர்கள் எல்லாரும் நான் சொன்னதையே சொன்னார்கள். பெரியக்கா சொன்னதற்கு மாறாக யார் சொல்வது? மேசை வரிசை, ஒரு நாளைக்கு ஒருத்தி. எல்லாரும் போகிற அறையில் ஒருத்திக்கு மட்டும் எப்படி நடக்கும் என்று கேட்டு, முறைப்பாடு நிரூபிக்கப்படவில்லை என்று முடித்துவிட்டார்கள். அவளை வேலையால் நிறுத்தவில்லை. இறால் ஓடும் தலையும் கழுவிக் கொட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு கிழமை நின்று பார்த்தாள். பிறகு வரவில்லை.

இனித்தான் நான் மிகவும் வெட்கப்படுகிற இடம். அவளை மாற்றிய அன்று பின்னேரம் ஆணியில் சட்டை தொங்கியது. யாரிடம் நீட்டுவது? எல்லாரும் குனிந்து இறாலையே பார்த்தார்கள். நானே எழும்பி அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அவர் என்னைப் பார்த்தார், இரண்டடி விலகி நின்றார், "பாத்து அம்மா, நிலம் வழுக்கும்" என்றார். நான் ஒவ்வொரு தட்டாக ஏற்றினேன். முழங்கால் வலித்தது. கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அடுத்த நாளும் நானே போனேன், வேலையை விடும் வரை நானே போனேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழவி தினமும் கால்மணி நேரம் குளிரில் நின்றால் தீர்ந்திருக்கக் கூடிய விசயம் அது. என் முழங்காலுக்காகவும் அந்தக் கதிரைக்காகவும் நான் ஒருத்தியைக் கொடுத்தேன்.

அவர் இன்னுமொரு வருசம் அங்கே இருந்தார். பிறகு வேறு ஊரில் இதே மாதிரி ஒரு இடத்துக்கு நல்ல பேரோடு போனார். எனக்கும் கால் ஏலாமல் வந்து, வேலையை விட்டேன். ஏழெட்டு வருசம் ஓடிவிட்டது. நான் இதை மறந்து இருந்தேன் என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் போகாமல் இருந்தேன்.

போன வருசம் சல்லிப் பெண்ணின் தங்கைக்குக் கலியாணம். அழைப்பு வந்தது, போனேன். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டாரிடம் சொன்னாள்: "இவ பெரியக்கா. எங்கட பிள்ளையளைக் கண்ணுக்குள்ள வைச்சுப் பாத்தவ. இவ இருந்த காலம் அந்தக் கொட்டிலில ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

மூதூர் உம்மாவும் அங்கே இருந்தா. "உண்மதான்" என்றா.

சல்லிப் பெண் பரிமாறிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயதில் குழாயடியில் நின்றவள், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். அவள் என்னைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்து அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நான் இலையை மடித்துவிட்டேன். சனங்களுடைய வாயில் நான் நல்லவளாக இருந்தேன், கந்தளாய்க்காரி கணக்கிலேயே இல்லை. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லையாம்.

அடுத்த கிழமை கந்தளாய் பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்துப் போனேன். பிரதான வீதியில் சிறிய சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். உள்ளே குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தி நின்றது, பிறகு ஓடியது.

"வாங்கோ பெரியக்கா. ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. உன்னைப் பாக்கத்தான் வந்தனான்."

"பாத்திட்டியள்."

நின்றபடியே சொன்னேன். அன்று உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை வழி முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தேன். பாதி மறந்துவிட்டது. மன்னித்துக்கொள் என்றேன். அவள் பூசணியை வெட்டி முடித்துக் கழுவப் போட்டாள்.

"உங்கட பேச்சை அண்டைக்கே அறிஞ்சனான் அக்கா. எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினால் பாட்டுச் சொல்லிக் குடுத்தது ஆர் எண்டு தெரியாதோ?" என்றாள். பிறகு சொன்னாள்: "நிரூபிக்கேல்லை எண்டு கந்தோரில இருந்து கடிதம் வந்த பிறகு என்ர அக்காவே என்னைப் பொய்க்காரி எண்டவ. அரசாங்கமே சொல்லிப்போட்டுதாம். வேலையும் இல்லை, பேரும் இல்லை, இவளிட்டப் பிள்ளையை எப்பிடி விடுறது எண்டு மூண்டு வருசம் என்ர பிள்ளையை என்னோட விடேல்லை. நான் படலைக்கு வெளியில நிண்டு பாத்திட்டுப் போவன்."

"எல்லாம் என்னாலதான்" என்றேன்.

"எல்லாம் எண்டு சொல்லாதேங்கோ." முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "கை அவன்ர கை. அதை நீங்க எடுத்துத் தலையில வைச்சுக்கொண்டு அழுதால் அவன் தப்பிடுவான். முதலாளிக்கும் தெரியும், அவனும் தப்பிடுவான். உங்கட பங்கை மட்டும் எடுங்கோ. எடுத்து எனக்கிட்டக் கொண்டுவந்து என்ன செய்ய? பொய் சொன்ன இடத்தில போய்ச் சொல்லுங்கோ."

தொழில் கந்தோருக்குப் போனேன். கொழும்பு அம்மா இப்போது இல்லை. ஒரு இளம் உத்தியோகத்தர் இருந்தார். பழைய விசாரணைக் கோவை, முடிந்துபோன விசயம் என்றார். "முடிச்சது என்ர பொய்யால தம்பி" என்றேன். ஒருமுறை என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, எழுதித் தந்தால் கோவையில் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்புவேன், என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்றார். "நீங்க சொல்லுங்கோ அம்மா, நான் எழுதுறன்" என்றும் சொன்னார்.

"எனக்கு எழுதத் தெரியும்" என்றேன். வாங்கில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுத மத்தியானம் ஆகிவிட்டது. அவர் வாசித்து, முத்திரை குத்தி, ஒரு பிரதி தந்தார். அதைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, ஏதோ பெரிய காரியம் முடித்தவள்போல் மறுபடி கந்தளாய்க்குப் போனேன்.

அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். ஆறுதலாக வாசித்தாள். பாதியில் நின்று, ஒரு இடத்தில் விரலை வைத்து, என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"'சில நாட்களில் இவரை நான் அனுப்பினேன்.' சில நாளோ அக்கா?"

நான் அந்த வரியைப் பார்த்தேன். என் எழுத்துத்தான்.

"எழுதேக்க அப்பிடி வந்திட்டுது."

"உங்கட கைக்கு நல்லாப் பழகியிருக்கு" என்றாள். தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். சோறு பார்சல் கேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் போய்க் கட்டத் தொடங்கினாள்.

பஸ்ஸில் வரும்போது அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதை நான் யோசித்து எழுதவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் எனக்குத் தெரியாமலே என்னை நான் கொஞ்சம் காப்பாற்றிவிட்டேன். அந்தக் கொட்டிலில் அத்தனை மாதமும் இதைத்தான் செய்திருக்கிறேன் போல.

விடிய முதல் ஆளாகக் கந்தோர் வாசலில் நின்றேன். உத்தியோகத்தர் தாளை வாங்கிப் பார்த்து, "ஒரு சொல்லுக்கோ அம்மா திரும்பி வந்தனீங்கள்? வெட்டிப்போட்டுப் பக்கத்தில கையெழுத்து வையுங்கோ, காணும்" என்றார். வெட்டினால் கீழே இருப்பது தெரியும். புதிய தாள் கேட்டேன். ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து தொடங்கினேன். தாய்மார் வந்ததை எழுதினேன், யாருடைய தாய் என்று எழுதவில்லை. சல்லிப் பெண்ணைப் பெயரில்லாமல், முதலில் அழுதவள் என்று எழுதினேன். பிறகு எழுதினேன்: பதினொரு மாதம், ஒவ்வொரு வேலை நாளும், இவரை மட்டும் அனுப்பினேன். உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு முன்பே தெரியும். இவருக்காகக் கேட்க ஆள் இல்லாததால் இவரை அனுப்பினேன். விசாரணையில் நான் சொன்னது பொய்.

வாசித்துவிட்டு உத்தியோகத்தர், அம்மா என்று கூப்பிடாமல், கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் காட்டினார். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் முறையும் கந்தளாய்க்குப் போனேன். கடையில் கூட்டம். ஓரமாக நின்றேன். கூட்டம் குறைய வந்து புதிய பிரதியை வாங்கினாள். வாசித்தாள். முடிவுக்கு வந்ததும் மேலே போய்த் திரும்ப வாசித்தாள். என்னை உட்காரச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

தாளை நாலாக மடித்தாள்.

"இது எனக்கு வேணும். அக்காவுக்குக் காட்ட" என்றாள்.

"உனக்குத்தான்" என்றேன்.

அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அடுப்பில் கறியைக் கிண்டப் போனாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். சாப்பிட்டுப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை, எனக்குப் பசி என்று நானும் சொல்லவில்லை. மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருத்தரும் கேட்காமலே சொல்லிவிட்டு வீதிக்கு இறங்கினேன்.